சமாஜத்து டீமிலிருந்து பிள்ளைகள் டீம் வரை: கொங்குப் பக்கத்தில் ஒரு கால்பந்து கிளப்பை நடத்தும் முறை

கோவையில் பாலக்காட்டு, மலப்புறத்துக்காரர்கள் சேர்ந்து வைத்த செவன்ஸ் டீம், அதாவது பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து. திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வந்த ஒடியாக்காரர்கள், வங்காளிகள், அஸ்ஸாமியர்கள் ஞாயிறு காலையில் கூடும் டீம். ஓட்டல் வேலைக்கு வந்த நேபாளிகள், வால்பாறை எஸ்டேட் லயன் வீடுகளில் இரண்டு மூன்று மொழி பேசி வளரும் பையன்கள். பிழைக்க வந்தவர்கள் சங்கம் கூடினால் பந்தும் கூடவே வந்துவிடுகிறது. ஆனால் அந்த டீம் பெரும்பாலும் பெரியவர்களுக்கானது. கோப்பைக்கு வசூல், வெளியிலிருந்து காசு கொடுத்துக் கூட்டிவரும் கெஸ்ட் பிளேயர், பைனலில் ஒரு சண்டை, மூன்றாம் வருசம் டீம் கலைந்துவிடும். கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து பார்த்த பிள்ளைகளுக்கு மிஞ்சுவது கிழிந்த பந்து.

அந்தப் பிள்ளைகளை ஆட்டக்காரர்களாக்க நினைக்கும் சங்கங்களுக்கான குறிப்பு இது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம்: பெரியவர் டீமின் காசும் பிள்ளைகள் டீமின் காசும் ஒரே பையில் இருந்தால் பிள்ளைகள் டீம் நிற்காது.

ஆஸ்திரேலியாவில் நடந்தது

பிழைக்கப் போனவர்களின் கிளப்புகள் ஒரு நாட்டின் கால்பந்தையே தூக்கி நிறுத்தியதைப் பார்க்க ஆஸ்திரேலியாவைத்தான் பார்க்க வேண்டும். மெல்போர்னில் கிரேக்கர்களின் சவுத் மெல்போர்ன் ஹெலாஸ் 1959இல் வந்தது. குரோவேஷியர்கள் மெல்போர்னில் ஒரு கிளப்பும் சிட்னியில் ஒரு கிளப்பும் வைத்தார்கள். சிட்னி இத்தாலியர்களுக்கு மார்கோனி. 2015இல் ஆஸ்திரேலியா ஆசியக் கோப்பையை வென்றபோது கேப்டன் மைல் ஜெடினாக், சிட்னி குரோவேஷியர் கிளப்பில் வளர்ந்தவர். கோச் ஆஞ்ச் போஸ்டகோக்லு, ஐந்து வயதில் ஏதென்ஸிலிருந்து வந்து சவுத் மெல்போர்னில் வளர்ந்தவர். அந்தக் கிளப்புக்கு 1989 முதல் 1992 வரை கோச்சாக இருந்தவர் ஹங்கேரியின் ஃபெரென்ஸ் புஷ்காஷ். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஏதென்ஸில் பனதினைக்கோஸ் டீமைப் பழக்கியவர் என்பதால் கிரேக்கம் வரும். கேப்டனாக இருந்த போஸ்டகோக்லுவே அவருக்குக் காரோட்டினார், அவர் சொன்னதை மற்றவர்களுக்கு மொழிபெயர்த்தும் சொன்னார். உலகத்தின் பெரிய ஆட்டக்காரர் ஒருவரின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள ஓர் இளைஞனுக்கு வழி செய்தது சங்கத்தின் தாய்மொழி.

அங்கே தவறியதையும் கவனிக்க வேண்டும். கிளப்பின் பெயரிலும் கொடியிலும் பழைய நாட்டின் பகை ஒட்டிக்கொண்டது, கேலரியில் அடிதடி வந்தது. 1996இல் தேசிய லீக் நிர்வாகம் அந்த அடையாளங்களை எடுக்கச் சொன்னது. 2004இல் அந்த லீக்கே முடிந்தது. அடுத்த வருசம் தொடங்கிய ஏ-லீக்கில் இந்தப் பழைய கிளப்புகள் ஒன்றுக்கும் இடமில்லை. அந்தக் கிளப்புகள் செய்ததை நாமும் செய்யலாம், பெயரில் மட்டும் அவர்கள் வழியில் போக வேண்டாம். கிளப்புக்கு ஊர்ப்பெயரோ வீதிப்பெயரோ போதும். மொழியின் பெயரும் வேண்டாம், சாதிப்பெயர் வேண்டவே வேண்டாம். நம் பக்கத்தில் இரண்டாவதுதான் பெரிய ஆபத்து.

பெயரோடு போகவேண்டிய இன்னொரு விதி: 20 பிள்ளைகளில் குறைந்தது 8 பேர் சங்கத்துக்கு வெளியே இருந்து வரட்டும். உள்ளூர் எதிர்ப்பு அடங்கும், பள்ளிக்கூட கிரவுண்டு கேட்கப் போகும்போது தலைமையாசிரியர் முகம் சுளிக்க மாட்டார். ஆட்டத்துக்கும் நல்லது. ஒரே தெருப் பையன்கள் ஒரே மாதிரிதான் ஆடுவார்கள்.

பணம், நோம்பிக் கணக்கு மாதிரி

மாரியம்மன் நோம்பிக்கு வரி போட்டால் நோம்பி முடிந்ததும் ஊர்க்கூட்டத்தில் கணக்கு வாசிப்பார்கள். வராத வரி யாருடையது என்பதும் வெளியே வந்துவிடும். கிளப்புக்கும் அதே பழக்கம் போதும். பிள்ளைகள் கணக்குக்குத் தனி நோட்டு, தனி வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து. அந்த இரண்டு பேரில் ஒருவராவது பெரியவர் டீமில் ஆடாதவராக இருக்க வேண்டும். பெரியவர்கள் கோப்பை ஜெயித்தால் பரிசுத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகள் கணக்குக்கு என்று ஆடப்போவதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். ஜெயித்த ராத்திரி பேசினால் பிரியாணிக்குப் போய்விடும்.

திருப்பூரில் சம்பளம் சனிக்கிழமை. மாதச் சந்தா 80 ரூபாய் என்றால் பாதிப் பேர் தரமாட்டார்கள். ஞாயிறு காலை வாரத்துக்கு 20 என்று கேட்டால் வந்துவிடும். தர முடியாத வீட்டுப் பிள்ளையை வெளியே நிறுத்தாதீர்கள். சந்தா தந்தவர் பட்டியலைக் கிரவுண்டில் வாசிக்கவும் வேண்டாம், பெரியவர் கூட்டத்தோடு அது நிற்கட்டும்.

தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் பதிவு செய்ய 7 பேர் போதும். பதிவைவிட முக்கியம், வருடா வருடம் கணக்கை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்வது. நாலைந்து வருசம் தாக்கல் செய்யாமல் விட்ட சங்கம், கிரவுண்டு கேட்டோ ஸ்பான்சர் கேட்டோ போய் நிற்கும்போதுதான் அதன் வலி தெரியும்.

எந்த வயதில் தொடங்குவது

எல்லா வயதையும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டாம். 10, 11, 12 வயதுப் பிள்ளைகள் 16 முதல் 20 பேர், ஒரே குழு. முதல் வருசம் இது போதும். போட்டிகளில் வயதுப் பிரிவு பிறந்த வருடத்தை வைத்துத்தான். ஆகவே ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் நிற்பார்கள். பதினோரு வயதில் பதினோரு மாத வித்தியாசம் பெரிது. உங்கள் டீமில் உள்ளவர்களின் பிறந்த மாதத்தை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் ஜனவரி முதல் ஏப்ரல் வரை பிறந்தவர்கள் என்றால் நீங்கள் திறமையைப் பார்த்து எடுக்கவில்லை, உயரத்தைப் பார்த்து எடுத்திருக்கிறீர்கள். 13, 14 வயதில் குட்டைப் பையன்கள் வளர்ந்ததும் இந்தத் தவறு தெரியும். அப்போது அவர்கள் கிரிக்கெட்டுக்குப் போயிருப்பார்கள்.

பெண் பிள்ளைகள் 12 வயது வரை பையன்களோடு கலந்தே ஆடலாம். வராமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் ஆட்டம் அல்ல. உடை மாற்ற இடமும் கழிப்பறையும் இல்லாததுதான். பள்ளி கிரவுண்டு கேட்கும்போது கழிப்பறைச் சாவியையும் சேர்த்துக் கேளுங்கள்.

நேரம்

கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடிய இரவு 8 மணியாகும். வார நாளில் அப்பா, அம்மா வந்து விட்டுக் கூட்டிப்போவது நடக்காத காரியம். ஆகவே வார நாள் பயிற்சி பள்ளிக்கு அருகில், நடந்து வரும் தூரத்தில், மாலை 5:00 முதல் 6:15 வரை. ஞாயிறு காலை 6:30 முதல் 7:45 வரை. இரண்டு பயிற்சி, கிடைத்தால் ஓர் ஆட்டம், வாரத்துக்கு இவ்வளவு போதும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கோவை, பல்லடம் பக்கம் பந்தைத் தூக்கி எறியும். அந்த மாதங்களில் நீளப் பாஸ் பழக்க முயலாதீர்கள். ஏப்ரல், மே மாதம் கரூர், ஈரோட்டு வெயிலில் 8 மணிக்கு மேல் பிள்ளைகளை வெளியே நிறுத்த வேண்டாம். கோடை மழை இடியோடு வரும். இடிச் சத்தம் கேட்டால் கிரவுண்டைக் காலி செய்யுங்கள், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்ப வேண்டும். மரத்தடியில் ஒதுங்குவதைப் பிள்ளைகள் பழக்கமாக வைத்திருப்பார்கள், அதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும்.

தீபாவளி, பொங்கலுக்கு கம்பெனி மூடினால் வடக்கத்திக் குடும்பங்கள் ஊருக்குப் போய்விடும், சில பிள்ளைகள் ஒரு மாதம் கழித்துத்தான் திரும்புவார்கள். ரதயாத்திரைக்கு ஒடியாக்காரர்கள், ஓணத்துக்கு மலையாளிகள். இந்தத் தேதிகளை நாட்காட்டியில் குறித்துவிட்டுத்தான் ஆட்டத்துக்குத் தேதி கொடுக்க வேண்டும். திரும்பி வந்த பிள்ளையை "ஏன் வரலை" என்று கேட்காமல், "வா கண்ணு, பிப்பை (அணி பிரிக்கும் மேலங்கியை) மாட்டு" என்று சொல்லிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிரவுண்டும் கோல் போஸ்ட்டும்

முழு மைதானம் தேவையே இல்லை. 45 மீட்டருக்கு 30 மீட்டர் இடம் இருந்தால் 16 பேர் பழகலாம். செம்மண் தரை காய்ந்தால் கல் மாதிரி ஆகிவிடும், புழுதியும் கிளம்பும். முந்தின நாள் பொழுதோட தண்ணீர் தெளித்தால் காலையில் பதமாக இருக்கும். சூலூர், பல்லடம் பக்கத்துக் கரிசலில் கோடையில் நிலம் வெடிக்கும். வெடிப்பில் கால் மாட்டினால் கணுக்கால் போய்விடும். ஆடும் முன் பெரியவர் ஒருவர் கிரவுண்டை ஒரு நடை நடந்து கண்ணாடி, முள், வெடிப்பு பார்ப்பது தினசரி வேலை.

கோல் போஸ்ட்டை கோவையில் எந்த வெல்டிங் பட்டறையிலும் செய்துகொள்ளலாம். பிள்ளைகள் செவன்ஸுக்கு 12 அடி அகலம், 6 அடி உயரம். 2 இஞ்ச் ஜி.ஐ. பைப், பின்னால் தரையோடு கிடக்கும் பட்டை ஒன்று அவசியம். இதில் ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: கட்டாத கோல் போஸ்ட் பிள்ளைகள்மேல் சாய்ந்தால் உயிர் போகும். மேல் பைப்பைப் பிடித்துத் தொங்குவதுதான் பையன்களுக்கு முதல் விளையாட்டு. பின்பட்டையை 60 செ.மீ. நீள ‘யு’ வடிவ முளை நாலு அடித்து இறுக்குங்கள், அதன்மேல் 25 கிலோ மணல் மூட்டை நாலு. கரிசலில் கோடையில் முளை தளரும், வாரா வாரம் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் முடிந்தால் போஸ்ட்டைக் குப்புறக் கவிழ்த்துச் சங்கிலி போட்டுவிடுங்கள்.

பந்து 12 வயது வரை 4ஆம் எண். சுற்றளவு 63.5 முதல் 66 செ.மீ., எடை 350 முதல் 390 கிராம். ஆளுக்கு ஒரு பந்து என்பது செலவு மாதிரி தெரியும், உண்மையில் அதுதான் மிச்சம். 20 பிள்ளைகளுக்கு 3 பந்து வைத்திருந்தால் ஒருவன் ஆடும்போது ஐந்தாறு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். செம்மண்ணில் தையல் பந்து சீக்கிரம் தோல் உரிந்துவிடும். நிவியா ஸ்டார்ம் மாதிரி ரப்பர் மோல்டட் பந்து தாங்கும். காற்றை 9 பி.எஸ்.ஐ. அளவில் வையுங்கள், கட்டாந்தரையில் கூடுதல் காற்று அடித்தால் பந்து முழங்காலுக்கு மேலேயே குதித்துக்கொண்டிருக்கும். ஊசியை எச்சிலோ தண்ணீரோ தொட்டுத்தான் வால்வில் செருக வேண்டும். வறண்ட ஊசி வால்வைக் கிழிக்கும், பந்து சாவது பெரும்பாலும் இதனால்தான். நீள ஸ்டட் வைத்த பூட்ஸ் இந்தத் தரைக்கு ஆகாது. சிறு ரப்பர் புள்ளிகள் வைத்த டர்ஃப் ஷூ போதும். 9 முதல் 13 வயதுக்குள் குதிகால் வலி, முட்டிக்குக் கீழே வலி என்று வந்தால் பெரும்பாலும் அது வளர்ச்சி வேகத்தில் வருவது. இரண்டு வாரம் ஓட்டத்தையும் குதிப்பையும் குறையுங்கள். வலியோடு ஆடவைத்து வீரம் பார்க்க வேண்டாம்.

ஜெர்சி திருப்பூர்க்காரருக்குப் பிரச்சினையே இல்லை, ஆனால் தவறும் அங்கேதான் நடக்கும். எக்ஸ்போர்ட் செகண்ட்ஸ் காட்டன் பனியன் சும்மா கிடைக்கிறதென்று எடுப்பார்கள். இருபது நிமிடத்தில் வியர்வை குடித்துக் கனக்கும், ஞாயிறு ராத்திரி துவைத்தால் திங்கள் காலை காயாது. பாலியஸ்டர் டாட் நிட் (புள்ளி புள்ளியாகத் துளை வைத்த பின்னல் துணி), சதுர மீட்டருக்கு 140 கிராம், அதாவது 140 ஜி.எஸ்.எம். அளவில் கேளுங்கள். நம்பரும் வடிவமும் சப்ளிமேஷன் பிரிண்டில் போடலாம், பாலியஸ்டரில் மட்டும்தான் அது ஒட்டும். காட்டனில் ஒரு துவையலில் மங்கிவிடும். பிள்ளை பேரைப் போடாமல் நம்பர் மட்டும் போடுங்கள். அடுத்த வருசம் அடுத்த பிள்ளைக்கு ஆகும்.

75 நிமிடப் பயிற்சி, 16 பிள்ளைகளுக்கு

முதல் 10 நிமிடம்: ஆளுக்கு ஒரு பந்து, 20 மீட்டர் சதுரத்துக்குள் ஓட்டிக்கொண்டே இருப்பது. கைதட்டினால் பந்தை மாற்றிக்கொள்வது. முன்னால் வந்தவன் பின்னால் வருபவனுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்த 20 நிமிடம்: நாலு நாலு பேராக, 8 மீட்டர் சதுரம் நாலு. மூன்று பேர் வெளியே பந்து தள்ள, ஒருவன் நடுவில் பறிப்பது. 45 விநாடிக்கு ஒருமுறை நடுவில் நிற்பவன் மாற வேண்டும், பறிக்காவிட்டாலும் சரி. அவமானப்படுத்துவது இதில் நோக்கம் இல்லை. மூன்று பாஸுக்கு முன்பே பந்து பறிபோகிறதென்றால் சதுரம் சின்னது, ஒரு மீட்டர் பெரிதாக்குங்கள். 15 பாஸைத் தாண்டினால் சின்னதாக்குங்கள். கோச் பேச வேண்டியது ஒன்றே ஒன்று: பந்து வருவதற்கு முன் தோள் திருப்பிப் பின்னால் பார்த்தாயா?

பிறகு நாலுக்கு நாலு, இரண்டு கிரவுண்டு, ஒவ்வொன்றும் 30க்கு 20 மீட்டர், ஒன்றரை மீட்டர் அகலக் கோல், கோலி கிடையாது. 6 நிமிட ஆட்டம் நாலு, நடுவே இரண்டு நிமிடம் தண்ணீர். அரை மணி நேரம் ஓடும். அணிகளை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கலையுங்கள், ஒரு மொழிப் பிள்ளைகள் ஒரே பக்கம் சேர விடாதீர்கள். கிரவுண்டில் பேச நாலைந்து சொல் போதும்: மேன் ஆன் (பின்னால் ஆள்), டைம் (நேரம் இருக்கு), டர்ன் (திரும்பு), மைன் (என் பந்து), அவுட். எல்லாப் பிள்ளைகளுக்கும் இது பொதுமொழியாகிவிடும். கோச் தமிழில் சொல்லும்போது ஒடியாப் பையன் முகத்தைப் பார்த்து, புரியவில்லையென்றால் காலால் செய்து காட்டுங்கள். அதிகம் பேசும் கோச்சிடம் பிள்ளைகள் நிற்கக் கற்றுக்கொள்கிறார்கள்.

கடைசி நேரம் கோலுக்கு அடிக்க விடுங்கள், அதற்காகத்தான் அவர்கள் வந்ததே. கிரவுண்டைச் சுற்றி ஓட விடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். வரிசையில் நின்று ஒவ்வொருவராக அடிப்பதையும்தான். 16 பேர் வரிசையில் நின்றால் 20 நிமிடத்தில் ஒருவனுக்கு ஏழெட்டு அடிதான் கிடைக்கும்.

14 வயதுக்கு மேல் ஆனவர்களுக்கு உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் 11+ என்ற 20 நிமிட வார்ம்-அப்பை வாரம் இரண்டு முறை செய்ய வைத்தால் முழங்கால், கணுக்கால் காயம் குறையும். பயிற்சி முடிந்ததும் ஒரு கைப்பிடி வேகவைத்த நிலக்கடலை, அவித்த முட்டை, இல்லை கம்மங்கூழ். இந்த வேலையைச் சங்கத்து அம்மாக்கள் முறை வைத்துச் செய்தால் வருகை தானாகக் கூடும்.

எப்போதும் இரண்டு பெரியவர்கள் கிரவுண்டில் இருக்க வேண்டும். பிள்ளையை ஒற்றையாக வண்டியில் ஏற்றிப் போகக் கூடாது. புகார் வந்தால் சங்கத்துக்குள் பேசி அமுக்காதீர்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் அதை மறைப்பதும் குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகளுக்கே மனப்பாடம் ஆக்குங்கள்.

காகிதம்தான் பலரைக் கவிழ்க்கிறது

ஆட்டம் வந்தும் கையில் காகிதம் இல்லாமல் வெளியே நிற்கும் பிள்ளைகள் ஏராளம். ஒவ்வொருவருக்கும் ஓர் உறை: பிறப்புச் சான்று, ஆதார், பள்ளி எமிஸ் எண் (அரசின் மாணவர் பதிவு எண்), புகைப்படம். பிறப்பைப் பதிவு செய்ய ஒரு வருடத்துக்கு மேல் தாமதமானால் நிர்வாக நடுவர் உத்தரவு இல்லாமல் சான்று கிடைக்காது. பிள்ளை பிறந்த ஊரில் போய் வாங்க வேண்டியிருக்கும். ஆகவே 10 வயதிலேயே ஆரம்பியுங்கள், போட்டிக்கு முந்தின வாரம் அல்ல. வயதைக் குறைத்துச் சான்று ‘ஏற்பாடு’ செய்ய யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். மணிக்கட்டு எலும்பைப் படம் எடுத்து வயது பார்க்கும் முறை கால்பந்தில் வந்துவிட்டது. பிடிபட்டால் பையனின் எதிர்காலமும் போகும், கிளப்பின் பேரும் போகும்.

நேபாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு தனி விஷயம். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள, 18 வயதுக்குக் கீழானவரை முதல்முறை பதிவு செய்ய ஃபிஃபா விதி 19 குறுக்கே வரும். தொடர்ந்து 5 வருடம் இந்நாட்டில் வாழ்ந்ததற்கு ஆதாரம் இருந்தால் விலக்கு உண்டு. அந்த ஐந்து வருடப் பள்ளிச் சான்றுகளை ஒன்றுவிடாமல் எடுத்து வையுங்கள்.

மாவட்டச் சங்கத்தில் கிளப்பைச் சேர்த்ததும், ஒவ்வொரு பிள்ளையையும் அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்பின் மையப் பதிவேடான சி.ஆர்.எஸ்.ஸில் 12 வயதிலேயே ஏற்றுங்கள். காரணம் பணமும்தான். ஓர் ஆட்டக்காரர் நாடு விட்டு நாடு கிளப் மாறி தொகை கைமாறினால், அதில் 5 சதம் அவரைப் பழக்கிய கிளப்புகளுக்குப் பிரியும். 12 முதல் 15 வயது வரையான ஒவ்வொரு வருடத்துக்கும் 0.25 சதம், 16 முதல் 23 வரை 0.5 சதம். ஒரு கோடி ரூபாய் தொகை என்றால், 12 முதல் 17 வரை உங்களிடம் இருந்த பையனுக்காக 2 லட்சம். இது இப்போதைக்குக் கனவுக் கணக்குதான். ஆனால் பதிவு இல்லாவிட்டால் கனவாகக்கூட இராது. ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் மார்க் விடுகா 1995இல் மெல்போர்ன் குரோவேஷியர் கிளப்பிலிருந்து குரோவேஷியாவின் ஜாக்ரெப் போனபோது கிடைத்த தொகையில் அந்தக் கிளப் கேலரி கட்டியது. அதன் பெயர் இன்றும் மார்க் விடுகா ஸ்டாண்டு.

போகவிடும் வேலை

பிள்ளை 13, 14 வயதில் உங்களைவிடப் பெரிய இடத்துக்குப் போகத் தயாராகும். அப்போதுதான் சங்கங்கள் சறுக்கும், "நாம வளத்த பையன்" என்று கட்டிவைப்பார்கள். மாவட்ட அணித் தேர்வு, முதலமைச்சர் கோப்பை, விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதித் தேர்வு ஆகிய தேதிகளைப் பார்த்து அனுப்புவது கிளப்பின் பொறுப்பு. விடுதித் தேர்வு வழக்கமாகக் கோடையில் நடக்கும், அதற்குள் உறை முழுமையாக இருக்க வேண்டும். பெரிய ஆட்டம் நம் ஊருக்கு வந்தால் டீமோடு போய்ப் பாருங்கள். 2019 மார்ச் 9 அன்று கோவை நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி கிளப் தேசிய அளவிலான ஐ-லீக் பட்டம் வென்றபோது கேலரியில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு, இந்த ஊரிலும் இது நடக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

வேறு கிளப் கேட்டால் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) அன்றைக்கே எழுதிக் கொடுங்கள், பணம் கேட்காமல். உறையில் சி.ஆர்.எஸ். எண், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை உங்களிடம் இருந்தான் என்ற கடிதம், காயங்களின் பட்டியல், எந்தக் காலில் நன்றாக அடிப்பான் என்ற ஒரு வரி. ஒரு நகலைக் கிளப்பில் வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்சியைத் திரும்ப வாங்க மறக்க வேண்டாம், 7ஆம் நம்பருக்கு அடுத்த பையன் ஏற்கனவே கோட்டோரம் நிற்கிறான்.